ஸ்டெரிலைசேஷன்: ஈடுகட்டலா, உறிஞ்சலா?

வணக்கம். பொருளியல் பாடநூல் ஒன்றை மொழிபெயர்க்கிறேன், செலாவணித் தலையீடு பற்றிய அத்தியாயம் வியாழனுக்குள் போயாக வேண்டும். தன் நாணயத்தின் மதிப்பு ஏறிவிடாமல் இருக்க மைய வங்கி டாலரை வாங்குகிறது. அதற்குக் கொடுத்த உள்நாட்டுப் பணம் புழக்கத்தில் சேர்ந்து விலைவாசியைக் கிளப்பிவிடுமே என்று, கடன்பத்திரம் விற்று அதே அளவு பணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. இதுதான் ஸ்டெரிலைசேஷன். எனக்கு முன் இதைத் தொட்டவர் 'கருத்தடைத் தலையீடு' என்று எழுதி வைத்திருக்கிறார். இதை எந்த வகுப்பில் வாசிப்பது?

——

> கருத்தடைத் தலையீடு

சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. 'உறிஞ்சல்' போதுமே அக்கா, யாருக்கும் புரியும். தூய தமிழ்தான் வேண்டுமென்றால் 'கலிங்கு': ஏரி நிரம்பினால் மிகுதி நீர் வழிந்தோடும் இடம். குறளில் ஆகாறு, போகாறு என்று வருகிறதே, பொருள் வரவையும் செலவையும் நீர்வழியாகப் பார்ப்பது நமக்குப் பழக்கம்தான்.

——

அழகாக இருக்கிறது, ஆனால் பாதிக்குத்தான் பொருந்தும். தாய்லாந்து செய்தது நேர்எதிர்: தன் நாணயமான பாட் விழாமலிருக்க டாலரை விற்றது. அப்போது உள்நாட்டுப் பணம் வற்றும், மைய வங்கி உள்ளே விட்டுத்தான் சரிசெய்ய வேண்டும். அங்கே போய் உறிஞ்சல் என்பீர்களா? வாங்குகிறவர் பணத்தை அச்சிட்டுக்கொண்டே இருக்கலாம், விற்கிறவரிடம் டாலர் தீர்ந்துபோகும். அப்படித்தான் 1997 ஜூலை 2 அன்று தாய்லாந்து பாட் நாணயத்தை மிதக்கவிட, அதாவது அதன் மதிப்பைச் சந்தையே தீர்மானிக்கட்டும் என்று விட்டுவிட வேண்டியதாயிற்று. வாங்குகிறவருக்கும் சும்மா இல்லை, விற்ற பத்திரத்துக்கு வட்டி ஏறிக்கொண்டே போகும். கலிங்கு யாருக்கும் வட்டி கட்டுவதில்லை. இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக 'ஈடுகட்டிய தலையீடு' என்று போடுங்கள்.

——

> ஈடுகட்டிய தலையீடு

ஐயா, ஈடு ஈடு என்று காதில் இடிக்கிறது. இரண்டும் 'இடு' திரிந்த முதனிலை திரிந்த தொழிற்பெயர், சுடு சூடு ஆவதுபோல. ஒரே தொடரில் இரண்டு முறை எதற்கு? 'நிகர்த்த தலையீடு' எனலாம்.

——

நிகர்த்த என்றால் மாணவர்கள் உவம உருபு என்று கோடிட்டுவிடுவார்கள்.

——

வியாழன் வந்துவிட்டது. ஈடுகட்டிய தலையீடு என்றே அனுப்பிவிட்டேன், முதலில் வரும் இடத்தில் மட்டும் பக்கத்திலேயே ஸ்டெரிலைசேஷன் என்றும் போட்டிருக்கிறேன். எல்லோருக்கும் நன்றி.

——

> அனுப்பிவிட்டேன்

சரி. ஆனால் டாலரை வாங்கும் பக்கத்துக்காவது கலிங்கு நிற்கும் என்பதில் எனக்கு இன்னும் மாற்றமில்லை. அப்புறம், கலித்தல் என்றால் ஒலித்தல். கலிங்கில் நீர் விழும் ஓசையிலிருந்துதான் அந்தப் பெயரே வந்ததோ என்று ஒரு ஐயம், தனி இழையில் எழுதுகிறேன்.