லொறி மாமாவோடு நடந்தவர்கள் எழுதுங்கள்

மஸ்கெலியாவிலிருந்து:

தொழிற்சாலை லொறியின் சாரதியாக இருந்து ஓய்வுபெற்று, அண்மையில் காலமான நம் லொறி மாமாவின் முப்பத்தோராம் நாள் நினைவு அடுத்த வாரம் வருகிறது. இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் அவரை அறியாதவர் இல்லை என்பதால் நேராக விடயத்துக்கு வருகிறேன். மவுசாக்கலை நீர்த்தேக்கம் வற்றி, அணை கட்டியபோது மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோயிலும் பள்ளிவாசலும் புத்தர் சிலையும் வெளியே தெரிந்த ஒரு வரட்சிக் காலத்தில், மாமா எங்கள் லயத்து (தோட்டக் குடியிருப்பு வரிசையின்) பிள்ளைகளை எல்லாம் கூட்டிக்கொண்டு கீழே இறங்கினார். அவர் சிறுவனாக ஓடித் திரிந்த தெரு அது. வெடித்துக் கிடந்த சேற்றில் நடந்தபடியே, "இதுதான் அம்மா மண்ணெண்ணெய் வாங்கிய கடை" என்று காட்டிக்கொண்டு வந்தவர், கோயில் கற்களுக்கு அருகில் தனியாக நின்ற ஒரு சிங்கள மூதாட்டியைக் கண்டதும் எங்களை மறந்துவிட்டார். அந்த அம்மாவின் வீடு இருந்த இடத்தை இருவரும் சிங்களத்தில் பேசிப் பேசியே தேடிப் பிடித்தார்கள். பிறகு அந்த அடித்தளக் கல்லிலேயே அமர்ந்து, மாமாவின் பிளாஸ்கில் இருந்த தேநீரை அதன் ஒரே மூடியில் மாறி மாறிக் குடித்தார்கள். முன்பின் தெரியாத ஒருவரோடு அரை மணி நேரத்தில் அப்படி உறவாகிவிடும் மனிதரை நான் வேறெங்கும் காணவில்லை.

அட்டனிலிருந்து:

உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு நாங்கள் ஒரு கூட்டமாக நல்லதண்ணி வழியாகச் சிவனொளிபாதமலைக்குப் போனோம். 2,243 மீட்டர் உயரம் என்று புத்தகத்தில் படித்திருந்தாலும், கைப்பிடிக் கம்பிகள் தொடங்கும் அந்தக் கடைசிச் செங்குத்தில்தான் அது என்னவென்று கால்களுக்குத் தெரிந்தது. மாமா எப்போதும் எல்லோருக்கும் பின்னால்தான் வருவார். களைத்து உட்காருகிறவனைப் பார்த்து "எழும்பு" என்று சொல்லமாட்டார்; பக்கத்தில் உட்கார்ந்து அவனுடைய ஊர்க்கதையைக் கேட்டுக்கொண்டிருப்பார், கதை முடியும்போது இருவரும் நடந்துகொண்டிருப்பார்கள். உச்சியில் எத்தனையாவது முறை ஏறினோமோ அத்தனை முறை மணியடிப்பது வழக்கம் அல்லவா? யாத்திரைப் பருவந்தோறும் ஏறிய அவர் ஒரே ஒரு முறைதான் அடித்தார். ஏன் என்று கேட்டதற்கு, "வீட்டுக்காரி என்னோடு வந்தது ஒரு தரந்தான். அந்தக் கணக்கைத்தான் அடிக்கிறேன்" என்றார். எனக்குத் திருமணமாகிய பிறகு அந்தப் பதில் இன்னும் அதிகமாக நினைவுக்கு வருகிறது.

கண்டியிலிருந்து:

அட்டன் அண்ணன் எழுதியதை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. அத்தையோடு நானும் ஏறியிருக்கிறேன். அன்று மாமா மணிக்கயிற்றை விடாமல் இழுத்ததில், பின்னால் நின்ற யாத்திரிகர்கள் சிரித்தே விட்டார்கள். அதைவிட, அவர் மலைக்கே உரியவர், வீட்டுக்கு வந்து போனவர் என்பதைப் போல எல்லோரும் பேசுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நான் அந்த வீட்டில் தங்கிப் படித்தவள். அத்தை கொழுந்து பறிக்க விடியற்காலையிலேயே பிரட்டுக்கு (வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு) போகவேண்டியிருந்ததால், எனக்கும் அவர் மகளுக்கும் தலைவாரிப் பின்னிவிட்டது மாமாதான். அடுப்பு வெளிச்சத்தில் குந்தி இருந்து, தேங்காயெண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, இரட்டைப் பின்னல் போடுவார். லொறிச் சுமைக்குக் கயிறு போட்டுப் பழகிய கை என்பதால், அவர் கட்டிய ரிப்பன் பாடசாலை விட்டு வீடு வந்த பிறகும் அவிழாது. பல்லால் கடித்துத்தான் அவிழ்ப்போம். எங்களுக்குப் பின்னி முடித்த பிறகுதான் அவர் லொறி எடுக்கப் போவார். போயா (பௌர்ணமி) நாளில் மலைக்குப் போனாலும் எங்களையும் அழைத்துக்கொண்டுதான் போவார். குடும்பத்தை விட்டுவிட்டு ஊர் சுற்றியவர் அல்லர் அவர்.

பண்டாரவளையிலிருந்து:

கண்டித் தங்கை சொல்வது சரி. ஓட்டன் சமவெளிக்கு எங்களை அழைத்துப் போனபோதும் முழுக் குடும்பத்தோடுதான் வந்தார். அங்குள்ள உலக முடிவு என்ற செங்குத்து விளிம்பில் ஒரே பனிமூட்டம். நாங்கள் திரும்பிவிடுவோம் என்றோம், அவர் கட்டைச் சம்பலும் ரொட்டியும் பிரித்துக் கொடுத்து உட்கார வைத்தார். சிறிது நேரத்தில் திரை விலகிப் பள்ளத்தாக்குத் தெரிந்தபோது, அவர் அதைப் பார்க்காமல் எங்கள் முகங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர் நினைவாக அங்கே போக எண்ணுகிறவர்கள் சிலவற்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காலை ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் பெரும்பாலும் மூட்டம் ஏறிவிடும் என்பதால், விடியும்போதே நுழைவாயிலில் இருப்பது நல்லது. புகையிரதத்தில் வருகிறவர்கள் பட்டிப்பொலையிலோ ஒகியாவிலோ இறங்கலாம். ஆனால் ஒகியாவிலிருந்து நடந்து ஏறுவதென்றால் பிள்ளைகளுக்குச் சிரமம், வாகனம் பேசிக்கொள்ளுங்கள். உள்ளே சுற்றுப்பாதையே ஏறத்தாழ ஒன்பது கிலோமீட்டர். 1988 முதல் அது தேசியப் பூங்கா, ஆகவே பொலித்தீனை வாயிலிலேயே எடுத்துவிடுவார்கள். சாப்பாட்டை வாழையிலையிலோ டப்பாவிலோ கட்டுங்கள். மரை மான்கள் பழகியவை போல அருகில் வரும், அவற்றுக்கு எதையும் கொடுக்காதீர்கள். மாமா யாரையாவது கடிந்துகொண்டு நான் பார்த்தது அதற்கு மட்டுந்தான். உலக முடிவில் நேர்கீழாக 800 மீட்டருக்கு மேல் பள்ளம் இருக்கிறது, படம் எடுப்பதற்காக விளிம்புக்குப் போகவே கூடாது. மழைக்காலத்தில் வேறு மலைகளுக்குப் போவதாக இருந்தால், அட்டை கடிக்காமல் இருக்கச் சவர்க்காரத்தைக் காலிலும் காலுறையிலும் நன்றாகப் பூசிக்கொள்ளுங்கள்.

மஸ்கெலியாவிலிருந்து, அவருடைய மகள்:

எல்லாவற்றையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மணியைப் பற்றிக் கேட்டால் அம்மா பதில் சொல்லாமல் சிரிக்கிறார். இந்த ஒரு மாதத்தில் அவர் சிரித்து இப்போதுதான் பார்க்கிறேன், அதற்காக அண்ணனுக்கும் தங்கைக்கும் நன்றி. துக்கம் கேட்டு வருகிறவர்களில் பலர், "இந்தப் பருவத்துக்கு என் மகனைக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருந்தார்" என்கிறார்கள். அப்பா யார் யாருக்கு வாக்குக் கொடுத்தார் என்பது எங்களுக்குத் தெரியவில்லை. டிசம்பர் பௌர்ணமியோடு பருவம் தொடங்கிவிடும் என்பதால், அந்தப் பிள்ளைகளைத் தம்பி அழைத்துப் போகவேண்டும் என்று அம்மா தீர்மானித்திருக்கிறார். உங்கள் பிள்ளைகளுக்கும் அப்படிச் சொல்லியிருந்தால் முப்பத்தோராம் நாளுக்கு வரும்போது பெயரைத் தம்பியிடம் கொடுங்கள். வரமுடியாதவர்கள் இங்கேயே எழுதுங்கள்.