பினாங்குக்கு மறுபடியும், இந்த முறை நிதானமாக: சேலத்துப் பயணிகளின் அனுபவப் பகிர்வு (எழுதுகிறவர்களின் பெயர்களாக இருப்பவை சேலத்துப் பகுதிகளின் பெயர்கள்)

அஸ்தம்பட்டி:
முதல் தடவை மலேசியாவின் பினாங்குத் தீவில் இருக்கிற ஜார்ஜ் டவுன் போகிறவர்கள் ஏறக்குறைய ஒரே பட்டியலைத்தான் முடித்துவிட்டு வருகிறார்கள். சுவர் ஓவியங்கள், கேக் லோக் சி புத்தர் கோயில், கொடிமலை (பினாங் ஹில்) ரயில், லிட்டில் இந்தியா, அவ்வளவுதான். தாய்லாந்து போகிற வழியிலோ கோலாலம்பூர் திரும்புகிற வழியிலோ மறுபடி அந்த ஊரில் ஒரு வாரம் உட்கார நினைக்கிறவர்களுக்கு வேறு விவரம் வேண்டும். எந்தக் கிழமை, எந்த நேரம், எங்கே தங்குவது, எது சொதப்பும், ஏன் சொதப்பும்? தெரிந்தவர்கள் எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம்.

குகை:
பேப்பர் வேலையை முதலில் முடித்துவிடலாம். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு 2023 டிசம்பர் 1 முதல் மலேசியாவில் விசா இல்லாமல் 30 நாள். இந்தச் சலுகை 2026 கடைசி வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. டிக்கெட் போடும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். விசா இல்லை என்றாலும் எம்டிஏசி என்கிற டிஜிட்டல் வருகை அட்டை கட்டாயம். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். அது இலவசம். காசு கேட்கிற பக்கம் வந்தால் அது இடைத்தரகர், மூடிவிடுங்கள். இரண்டாம் முறை போகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். போன தடவை பதிந்தது செல்லாது, ஒவ்வொரு நுழைவுக்கும் புதிதாக நிரப்ப வேண்டும். நடுவில் எல்லை தாண்டித் தாய்லாந்தின் ஹட்யாய்க்கு எட்டிப் பார்த்துவிட்டு வந்தாலும் அதே கதைதான். தாய்லாந்தும் 2025 மே 1 முதல் இதேபோல் ஓர் அட்டை கேட்கிறது.

சென்னையிலிருந்து பினாங்குக்கு நேரடி விமானம் 2024 டிசம்பரில் தொடங்கியது. ஆனாலும் சேலத்துக்காரர்களுக்கு திருச்சி வழியாகக் கோலாலம்பூர் போவதுதான் அலைச்சல் குறைவு. நாமக்கல் வழியாகப் பேருந்தில் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். திருச்சியில் எந்த நிலையத்தில் இறக்கிவிடுவார்கள் என்று ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டுவிடுங்கள், விமான நிலையம் புதுக்கோட்டை சாலையில் இருக்கிறது. சிக்கன விமானங்களில் கைப்பை, முதுகுப்பை இரண்டும் சேர்த்து 7 கிலோதான். ஏறும் வாசலிலும் எடை போடுவார்கள். 40 லிட்டர் பையே வெறுமையாக ஒன்றரைக் கிலோ வரும் என்பதைக் கணக்கில் வையுங்கள். ரூபாய் நோட்டு 25,000 வரைதான் வெளியே கொண்டுபோகலாம். அதை லிட்டில் இந்தியாவின் நாணய மாற்றுக் கடைகளில் ரிங்கிட்டாக மாற்றலாம்.

கோலாலம்பூர் சென்ட்ரலிலிருந்து, தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கிற பட்டர்வொர்த்துக்கு இடிஎஸ் என்கிற மின்சார ரயில், நாலு மணி நேரத்துக்கு மேல். வாரக் கடைசியிலும் மலேசியப் பள்ளி விடுமுறையிலும் இருக்கை கிடைக்காது. அப்போது பேருந்துதான். அதில் ஒரு சிக்கல்: சீட்டில் பினாங்கு என்று இருந்தாலும் பேருந்து பட்டர்வொர்த்தின் பினாங் சென்ட்ரலில் நிற்கலாம், தீவுக்குள் இருக்கிற சுங்கை நிபோங்கிலும் நிற்கலாம். பினாங் சென்ட்ரலைத் தேர்ந்தெடுங்கள். ரயிலடி, பேருந்து நிலையம், படகுத்துறை மூன்றும் ஒட்டி ஒட்டி இருக்கின்றன. படகில் ஏறிக் கால் மணி நேரத்தில் பழைய ஊரான ஜார்ஜ் டவுனுக்குள் இறங்கிவிடலாம். சுங்கை நிபோங்கில் இறங்கினால் நெரிசலில் தனியாக ஒரு வண்டிச் செலவு.

செவ்வாய்ப்பேட்டை:
தங்குமிடம் பற்றி நான் சொல்கிறேன். பழைய ஊரின் சூலியா வீதியும் லவ் லேனும் முதல் தடவைக்குச் சரி. ஒரு வாரம் தூங்கி எழ அந்த இடம் ஒத்துவராது, பார் சத்தம் நள்ளிரவைத் தாண்டும். பழைய கடைவீடுகளைத் தடுத்துத்தான் அங்கே மலிவு அறைகள் போட்டிருக்கிறார்கள். முகப்பு குறுகல், உள்ளே நீளம் என்பதால் நடு அறைகளுக்கு ஜன்னலே இருக்காது. படத்தில் திரைச்சீலை தொங்கும், பின்னால் சுவர்தான். "வெளிப்பக்கம் திறக்கிற ஜன்னல் உண்டா" என்று எழுதிக் கேட்டு, பதிலை வாங்கிக்கொண்டு பதியுங்கள். ஜன்னல் இல்லாத அறையில் துணி காயாது, மூன்றாம் நாள் பையெல்லாம் பூஞ்சை வாடை.

நிதானமாக இருக்கப் போகிறவர்களுக்குப் புலாவ் டிக்குஸ் என்கிற பகுதி நல்ல இடம். காலையில் சந்தை, சாயங்காலம் சாப்பாட்டுக் கடைகள், பர்மா சாலையில் பேருந்து. முதல் இரண்டு ராத்திரிக்கு மட்டும் பதிந்துவிட்டு, பிடித்திருந்தால் மீதி நாளுக்கு உரிமையாளரிடம் நேரில் பேசுங்கள். வார வாடகையைப் பெரும்பாலும் குறைத்துத் தருவார்கள். வெளிநாட்டவருக்கு அறைக்கு ஒரு ராத்திரிக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு. இணையத்தில் காட்டுகிற விலையில் அது பெரும்பாலும் சேர்ந்திருக்காது. ஏழு ராத்திரிக்கு 70 ரிங்கிட் ஆகிவிடும், முதலிலேயே கேளுங்கள். ப்ளக் மூன்று சதுரக் கம்பி உள்ளது, நம்மூர் உருண்டைக் கம்பி நுழையாது.

துணிக்கு "டோபி" என்று பலகை போட்ட கடைகள் தெருவுக்குத் தெரு உண்டு. தானே துவைத்துக்கொள்கிற எந்திரம், சில்லறை நாணயம் வேண்டும். துவைக்க அரை மணி, உலர்த்த அரை மணி. சாயம் போகிற லுங்கியைத் தனியாகப் போடுங்கள், முந்தின ஆள் சூட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கலாம்.

ஏற்காடு காப்பித்தோட்டம்:
கொடிமலைக்கு மறுபடி போகிறவர்கள் நடந்து ஏறுங்கள். அதற்கு நம்மூர் ஆட்களுக்கு ஓர் எச்சரிக்கை. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் பழகியவர்கள், 833 மீட்டர்தானே, ஏற்காட்டில் பாதிக்குக் கொஞ்சம் மேல் என்று அலட்சியமாக நினைப்பார்கள். நம்முடைய மலைப்பாதை வளைந்து வளைந்து சரிவைப் பங்கு போட்டுத் தரும். அங்கே தாவரவியல் தோட்டத்து வாசலிலிருந்து போகிற ஜீப் பாதை 5 கிலோமீட்டரில் ஏறக்குறைய 700 மீட்டர் ஏற்றிவிடுகிறது. தார் போட்ட பாதைதான், ஆனால் சரிவு கெண்டைக்காலைப் பிடிக்கும். காலை ஏழுக்குள் கிளம்பினால் இரண்டரை மணி நேரம், ஒன்பதுக்குக் கிளம்பினால் அதே பாதை மூன்றரை மணி நேரம். காரணம் வெயில் மட்டும் இல்லை, ஈரப்பதமும்தான். வியர்வை காயாமல் உடம்பு சூடு இறங்காது. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், கொஞ்சம் உப்புக்கடலை போதும். மூன் கேட் என்கிற வட்ட வாசல் வழியாகப் போகிற காட்டுப் பாதை நிழலானது, மழை பெய்த மறுநாள் வேர்களும் களிமண்ணும் வழுக்கும். தோட்டத்துக்கு 10ஆம் எண் பேருந்து போகிறது.

ஏறும்போது நடை, இறங்கும்போது ரயில் என்று வைத்துக்கொள்ளுங்கள். இறக்கத்தில்தான் முட்டி போகும். ஒருவழிச் சீட்டு வாங்கலாம். 1923இல் ஓடத் தொடங்கிய பாதையில் இப்போது ஓடுவது 2011இல் வந்த வண்டி. பராமரிப்புக்காக அவ்வப்போது சில நாள் நிறுத்திவிடுவார்கள், முந்தின நாள் அறிவிப்பைப் பாருங்கள். சனி ஞாயிறு சாயங்காலம் கீழே இறங்க வரிசை நீளும். மேலே ஒரு முருகன் கோயில் உண்டு. படி ஏறியே தரிசனம் வேண்டும் என்கிறவர்களுக்குத் தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி, 513 படி.

காப்பி பற்றியும் சொல்லிவிடுகிறேன். சில்வர் ஓக் நிழலில் விளைந்த சேர்வராயன் மலை அராபிக்காவைக் குடித்து வளர்ந்த நாக்குக்கு அந்த ஊர் கோப்பி முதலில் கருகல் மாதிரிதான் இருக்கும். கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்துக் கறுக்க வறுக்கிறார்கள், நீளமான துணிப்பையில் வடிக்கிறார்கள். கோப்பி என்று மட்டும் சொன்னால் அடியில் இனிப்புப் பால் ஊற்றி வரும். கோப்பி ஓ என்றால் பால் இல்லை, சர்க்கரை உண்டு. கோப்பி ஓ கோசோங் என்றால் இரண்டும் இல்லை. சர்க்கரை நோய் உள்ளவர்கள் இந்தக் கடைசியை மனப்பாடம் செய்யுங்கள். தே தாரிக் என்கிற இழுத்து ஆற்றிய பால் டீயில் இனிப்புக் குறைய வேண்டுமென்றால் "குராங் மானிஸ்". நம் பில்டர் காப்பியோடு அதை ஒப்பிடாமல் குடித்தால் மூன்றாம் நாள் பிடித்துப்போகும்.

அஸ்தம்பட்டி:
அண்ணா, சைவத்துக்கு என்ன வழிங்க? வெள்ளிக்கிழமை, கிருத்திகை பார்க்கிறவங்க நிறைய பேர் இருக்காங்க.

லீ பஜார்:
தம்பி, லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடு எப்போதும் உண்டு, அதில் கவலையில்லை. ஏமாறுவது மற்ற இடங்களில். சாயுர் என்றால் காய்கறி என்றுதான் பொருள், கறி மீன் இல்லை என்று பொருள் ஆகாது. கீரை வதக்கலில் இறால் விழுது இருக்கும். அதன் பெயர் பெலாச்சான். சம்பல் என்கிற மிளகாய் விழுதிலும், ரோஜாக் என்கிற பழக் கலவையிலும், ஆசாம் லக்சா என்கிற புளிப்பு நூடுல்ஸிலும் அது உண்டு. லக்சா சாறே மீன் சாறு. சார் குவே தியாவ் என்கிற வறுத்த பட்டை நூடுல்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள், முட்டை மட்டும் போடச் சொன்னாலும் சட்டி அதேதான். சீனக் கடையில் "சியா சாய்" என்று சொல்லுங்கள், சைவம் சாப்பிடுகிறவர் என்று புரிந்துகொள்வார்கள். சீன மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் அங்கே பலர் சைவம். அன்று சைவக் கடைகளில் வகையும் அதிகம், கூட்டமும் அதிகம், பதினொன்றரைக்குள் போய்விட வேண்டும்.

அசைவம் என்றால் நாசி கண்டார். வரிசையில் நின்று, சோறு வாங்கி, ஒன்றோ இரண்டோ கறியைக் காட்டி, பல குழம்பைக் கலந்து ஊற்றச் சொல்ல வேண்டும். குழம்பு ததும்ப வேண்டுமென்றால் "பஞ்சிர்". விலையைத் தட்டைப் பார்த்துக் கடைசியில்தான் சொல்வார்கள். பெரிய இறால், மீன் சினை, கணவாய் மூன்றையும் தொடும் முன் "இது எவ்வளவு" என்று தமிழிலேயே கேளுங்கள். பல கடைகளில் நிற்கிறவர் நம்மவர்தான், கேட்டால் ஒன்றும் நினைக்க மாட்டார்.

போன தடவை சாப்பிட்ட கடை இந்தத் தடவை இல்லையே என்று பலர் புலம்புகிறார்கள். கடை அங்கேதான் இருக்கும், நேரம் மாறியிருக்கும். ஒரே காப்பிக்கடை வாசலில் காலையில் ஒரு தள்ளுவண்டி, சாயங்காலம் வேறொன்று. வார விடுமுறையும் ஆளுக்கு ஒரு நாள். ஆகவே போன தடவை எடுத்த படத்தில் நேரம் எத்தனை என்று பாருங்கள், அதே நேரத்துக்குப் போங்கள்.

இனிப்புக்கு சாகோ குலா மலாக்கா. ஜவ்வரிசி, பனைவெல்லப் பாகு, தேங்காய்ப்பால். சேலத்துக்காரர்கள் இதைத் தவறவிடக் கூடாது. ஒரு காலத்தில் நமக்கு ஜவ்வரிசி மலேயா பக்கமிருந்துதான் கப்பலில் வந்தது, அங்கே அது சாகோ மரத்துத் தண்டின் மாவு. இரண்டாம் உலகப் போரில் வரத்து நின்றபோதுதான் 1940களில் இங்கே மரவள்ளிக் கிழங்கிலிருந்து எடுக்கத் தொடங்கினார்கள்.

ஐந்து ரோடு:
பேருந்து. ஓட்டுநர் மீதி தர மாட்டார், 1 ரிங்கிட் தாளாகச் சேர்த்து வையுங்கள். படகுத்துறையை ஒட்டிய ஜெட்டி நிலையத்தில் ஏறினால் உட்காரலாம், கொம்தார் கோபுரத்தடியில் ஏறினால் நிற்க வேண்டியதுதான். கொடிமலை ரயிலடிக்கு 204. பழைய ஊருக்குள் கேட் (CAT) என்ற இலவசப் பேருந்து சுற்றுகிறது. ஒருநாள் முழுக்கத் தீவைச் சுற்ற: காலையில் 401இ பிடித்துத் தீவின் மறுபக்கத்து பாலிக் புலாவ், அங்கிருந்து 501இல் வடமேற்கு மூலையில் இருக்கிற தெலுக் பஹாங், சாயங்காலம் 101இல் திரும்புதல். இந்தத் திசையில்தான் போக வேண்டும். 501 அடிக்கடி வராது, அதைக் காலையிலேயே கழித்துவிட்டால் கடைசிக் கட்டத்துக்கு அடிக்கடி ஓடுகிற 101 மிச்சமிருக்கும். சாயங்காலம் ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவே 101 திரும்புகிற வழியில் இருக்கிற பத்து பெரிங்கி கடற்கரைச் சாலை நகராது. அப்போது கடற்கரையிலேயே உட்கார்ந்துவிட்டு ஏழரைக்கு மேல் ஏறுங்கள். பாலிக் புலாவில் மே மாதத்திலிருந்து ஆகஸ்ட் வரை துரியான். அங்கேயே சாப்பிட்டு முடியுங்கள், விடுதிக்குள் விட மாட்டார்கள்.

குகை:
மாதம் பற்றி யாரும் சொல்லவில்லை. ஜனவரி, பிப்ரவரி காய்ந்த மாதங்கள். ஆனால் சீனப் புத்தாண்டு அதில்தான் விழுகிறது, பல நாள் பாதிக் கடை சாத்தியிருக்கும். தைப்பூசத்துக்கு அறை விலை ஏறும். தேர் பார்ப்பதற்கென்றே போகிறவர்கள் மாதக்கணக்கில் முன்கூட்டிப் பதியுங்கள். செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை மழை அதிகம், பெரும்பாலும் பிற்பகலில் கொட்டும். சில வருடம் ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை சுமாத்ரா காட்டுத் தீயின் புகை வந்து மூடும், ஆஸ்துமாக்காரர்கள் தவிர்ப்பது நல்லது. வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை நேரத்தில் சில கடைகள் கொஞ்ச நேரம் சாத்துவார்கள்.

அம்மாபேட்டை:
தெரிந்தவங்க வீடு அங்க இருக்குங்க. சேலத்து மல்கோவா ஒரு பெட்டி கொண்டு போகலாமா?

குகை:
வேண்டாங்க. பதப்படுத்தாத பழத்துக்கு மலேசியாவில் தாவர நோய்த் தடுப்பு அனுமதி முன்கூட்டியே வாங்கியிருக்கணும். இல்லாமல் போனால் விமான நிலையத்திலேயே பறிமுதல் பண்ணிடுவாங்க. தட்டுவடையைச் சட்னி, காய்த்துருவல் வைத்துச் செட்டாகப் போட முடியாது, வெறும் தட்டுவடையாக டப்பாவில் அடைத்துக் கொண்டு போங்க. பையின் மேலறையில் வையுங்க, அடியில் வைத்தால் தூளாகிவிடும்.