அக்காவுக்காகக் கேட்கிறேன், உதவுங்கள்

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

என் அக்கா ஒரு கடன் சங்கத்தில் காசாளர். கணக்கில் பணம் குறைகிறது என்று பழியை அவள்மேல் போட்டு, விசாரணை முடியும்வரை சஸ்பெண்ட் செய்திருக்கிறார்கள். அவள் ஒரு ரூபாய்கூடத் தொட்டிருக்க மாட்டாள். இப்போது பூசைக்கு வரவே மறுக்கிறாள். கோயிலில் எல்லாரும் தன்னையே பார்ப்பதுபோல் இருக்கிறதாம்.

ஆறுதல் சொல்ல வந்த உறவினர் சிலர், ஏதோ பாவத்துக்குக் கடவுள் தண்டிக்கிறார் என்றார்கள். விவிலியத்தில், குற்றமில்லாமலே துன்பப்பட்ட யோபுவின் நண்பர்களும் இப்படித்தான் பேசினார்கள். கடைசியில் (42:7) கடவுள் சினம் கொண்டது அந்த நண்பர்கள்மேல்தான். அதை வாசித்துக் காட்டியதும் அக்கா வாய்விட்டு அழுதாள். பொய்ச்சாட்சிகளைப் பற்றிப் புலம்பும் 35-ஆம் திருப்பாடலை இப்போது தானே எடுத்து வாசிக்கிறாள்.

எங்கள் குமரி மாவட்டத்துப் புனித தேவசகாயத்தைப் பற்றியும் சொன்னேன். 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றவர், ராஜதுரோகி என்று பொய்ப்பழி சுமந்து, 1752-இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். புனிதர் பட்டம் 2022-இல்தான் வந்தது. "அவ்வளவு காலம் நான் எப்படித் தாங்குவேன்?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை.

வீண்பழியில் சிக்கி மீண்டவர்கள் எழுதுங்கள். விசாரணை நடந்த நாட்களில் எப்படிச் செபித்தீர்கள்? செபிக்கவே முடியாதபோது எதைப் பிடித்துக்கொண்டீர்கள்? துறை விசாரணை தெரிந்த வழக்கறிஞர் யாராவது இருந்தாலும் சொல்லுங்கள். குற்றச்சாட்டுக்கு விளக்கக் கடிதம் நாங்கள்தானே எழுத வேண்டும். பொதுவில் சொல்லத் தயக்கமென்றால் தனிச்செய்தி போதும். பதில்களை அக்காவும் வாசிப்பாள்.