ஏற்காடு மலையிலிருந்து வரும் இந்த ரிப்பீட்டர் (வாக்கி-டாக்கி சிக்னலை வாங்கி மறுபடி பலமாக அனுப்பும் நிலையம்) யாருடையது?

சேலம் அழகாபுரத்தில் மொட்டைமாடியிலிருந்து ரேடியோ அலைவரிசைகளை ஸ்கேன் செய்கிறேன். 166 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஒரு நேரோ எஃப்எம் (வாக்கி-டாக்கி வகைக் குறுகிய எஃப்எம்) சிக்னல் பிப்ரவரி கடைசியிலிருந்து வருகிறது. யாருடையது என்று பிடிபடவே இல்லை.

கருவி ஆர்டிஎல்-எஸ்டிஆர் வி3 (லேப்டாப்பில் செருகும் யுஎஸ்பி ரேடியோ ரிசீவர்), சுமார் 43 செ.மீ. கால் அலை ஆன்டெனா. யார் பேசினாலும் சிக்னல் பலம் ஒரே அளவில் நிற்கிறது; பேச்சு முடிந்த பிறகும் கேரியர் (பேச்சைச் சுமக்கும் அலை) ஓரிரு நொடி நீடிக்கிறது. ஆகவே ரிப்பீட்டர்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. குப்பனூர் வழியாக மலை ஏறினால் பலம் கூடுகிறது. நகரின் தெற்கே கொண்டலாம்பட்டி பக்கம் போனால் வெறும் இரைச்சல். காலையும் சாயங்காலமும் சுருக்கமான தமிழ்ப் பேச்சு, பெயருக்குப் பதில் எண்கள். காட்டுத்தீ காலம் என்பதால் வனத்துறையோ என்று தோன்றுகிறது. காபி எஸ்டேட்டாகவும் இருக்கலாம்.

என் கருவியே உண்டாக்கும் போலி சிக்னலோ என்று கெயினை (ரிசீவரின் பெருக்கத்தை) குறைத்துப் பார்த்தேன், சிக்னல் இடம் மாறவில்லை. லேப்டாப் சார்ஜரைக் கழற்றியும் அப்படியே. தேசிய அலைவரிசை ஒதுக்கீட்டுத் திட்டத்தையும் புரட்டினேன். எந்தப் பட்டை எந்தச் சேவைக்கு என்றுதான் அதில் இருக்கிறது, பயன்படுத்துபவர் பெயர் இல்லை. பேசுவதைப் பதிவு செய்யவோ பகிரவோ மாட்டேன், அடையாளம் தெரிந்தால் போதும்.

ஏற்காடு, ஓமலூர், தர்மபுரி பக்கம் கேட்கும் நண்பர்களே, இது வனத்துறையா எஸ்டேட்டா என்று எதை வைத்து உறுதி செய்வது?