போர் ஒத்திகை, சைரன், அணுகுண்டுப் பேச்சு: புதுச்சேரி, கடலூர்க்காரர்கள் தங்கள் அனுபவத்தைப் பகிரலாம்

முத்தியால்பேட்டையான்

2025 மே 7. எல்லாருக்கும் நினைவிருக்கும், விளக்க வேண்டாம். விடிவதற்குள் பாகிஸ்தான் மேல் ஆபரேஷன் சிந்தூர் தாக்குதல், அன்றைக்கே 244 மாவட்டங்களில் போர் ஒத்திகை என்று அறிவிப்பு. எனக்கு உறுத்துவது ஒத்திகை இல்லை. அதற்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் தெருமுனை டீக்கடையில் நடந்தது.

டிவி ஓடிக்கொண்டிருந்தது. உட்கார்ந்திருந்த எல்லாருமே தளபதிகள். லாகூரில் ஒன்று, கராச்சியில் ஒன்று, கதை முடிஞ்சுது என்று ஒருத்தர் விரலை மடக்கினார். சொல்வது அணுகுண்டைத்தான். நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். ஓரமாக ஒரு பெரியவர். சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர். ஜூலை 14, பிரெஞ்சு தேசிய தினம் வந்தால் மெடல் குத்திக்கொண்டு பீச் ரோடு போர் நினைவிடத்துக்குப் போவார், மற்றபடி யாரோடும் பேச்சு வைத்துக்கொள்ள மாட்டார். அன்றைக்கு விரல் மடக்கியவரைப் பார்த்துக் கேட்டார்: "காத்து எந்தப் பக்கம்னு பார்த்தியா தம்பி?"

யாருக்கும் புரியவில்லை.

"மே மாசம் அங்க காத்து எப்படி அடிக்கும்? அமிர்தசரஸ் பக்கம் திரும்பிச்சுன்னா?" கேலி இல்லை, நிஜமாகவே விசாரிக்கிறார். பன்னைப் பிட்டு டீயில் நனைத்தார். அது உடைந்து கிளாஸுக்குள் விழுந்தது. ஸ்பூன் கேட்டு வாங்கி நிதானமாக எடுத்துச் சாப்பிட்டார். அவ்வளவு நேரமும் பதிலுக்குக் காத்திருந்தார். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. காசை வைத்துவிட்டுப் போனார்.

எழுபதுகளில் அவருக்கு பசிபிக் கடலில் பிரான்ஸின் தஹிதித் தீவில் டியூட்டியாம், கடைக்காரர் அப்புறம் சொன்னார். 1966 முதல் 1996 வரை அந்தப் பக்கத்துத் தீவுகளில் பிரான்ஸ் 193 அணுகுண்டுச் சோதனை நடத்தியிருக்கிறது. 1974 ஜூலை 17 அன்று முருரோவாத் தீவில் வெடித்ததன் கதிர்வீச்சு மேகம், போட்ட கணக்குக்கு மாறாக தஹிதி மேலேயே போயிருக்கிறது. அப்போது அங்கே இருந்தீர்களா என்று அவரிடம் கேட்கலாம்தான். என்னவென்று ஆரம்பிப்பது?

வீராம்பட்டினம் மருமகள்

எங்கள் வீட்டில் சைரன் அடித்தது டிவியில். ஏதோ ஊரில் நடந்த ஒத்திகையைக் காட்டினார்கள், பிள்ளைகள் சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தார்கள். அத்தை பின்பக்கம் சங்கரா கழுவிக்கொண்டிருந்தார். செதிலோடு கையை அப்படியே புடவையில் துடைத்து, என் சின்னவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு தெருவில் மேற்குப் பக்கமாக ஓட ஆரம்பித்துவிட்டார். செருப்பு இல்லை. "டிவி அத்தை, டிவி!" என்று கத்திக்கொண்டே நான் பின்னால்.

எங்கள் ஊரில் சைரன் என்றால் கடல்தான். 2004ஐச் சொல்ல வேண்டியதில்லை. 2012 ஏப்ரல் 11 அன்று எச்சரிக்கை வந்தபோதும் இப்படித்தான் ஓடினார்.

திரும்பி வந்து மூச்சு வாங்க உட்கார்ந்து கேட்டார்: "அதுக்கு மேற்க ஓடுனோம். இதுக்கு எந்தப் பக்கம் ஓடணும்?" அவரை என்ன சொல்லிச் சமாளிப்பது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

ஹவில்தார் (ஓய்வு), கடலூர் ஓ.டி.

முதலில் முத்தியால்பேட்டைத் தம்பிக்கு. டீக்கடைப் பேச்சு வேறு, அரசின் கொள்கை வேறு. நாம் முதலில் பயன்படுத்த மாட்டோம் என்பது 2003 ஜனவரி முதல் அரசின் அதிகாரபூர்வ அணுக் கோட்பாட்டிலேயே இருக்கிறது. அந்த ஆயுதம் எதிரி போடாமல் இருப்பதற்கு. பெரியவர் கேட்டது நியாயம்தான், ஆனால் அதற்காக ஆயுதமே வேண்டாம் என்று நீங்கள் சொல்ல வருவதுபோல் இருக்கிறது.

என் அனுபவம் சின்னது. 1998 மே, போக்ரானில் நம் அணுகுண்டுச் சோதனை நடந்த சமயம் லீவில் வந்திருந்தேன். பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாத ஒருத்தர் என் வாயில் லட்டைத் திணித்து, "போட்டுத் தள்ளிடலாம் சார்" என்றார். மே 28 அன்று பாகிஸ்தான் சாகாயில் வெடித்தது. அன்றைக்கு லட்டோடு யாரையும் காணோம்.

இப்போது அந்த அம்மாவுக்கு. எந்தப் பக்கமும் ஓடக் கூடாது. சைரன் ஏறி இறங்கி ஊளையிட்டால் ஆபத்து, ஒரே சீராக ஒலித்தால் ஆபத்து நீங்கியது. அணுகுண்டு என்றால் வெடிப்பிலிருந்து தள்ளி இருப்பவர்களுக்கு விழும் சாம்பல்தான் எமன். கான்கிரீட் கட்டடத்தில் சன்னலுக்குத் தள்ளி, நடு அறையில் 24 மணி நேரமாவது இருக்க வேண்டும். 7 மணி நேரத்தில் கதிர்வீச்சு பத்தில் ஒரு பங்காகிவிடும், 49 மணி நேரத்தில் நூற்றில் ஒன்று. வெளியிலிருந்து வந்தவர் மேல்துணியை வாசலிலேயே கழற்றிப் பையில் கட்டி வைக்கட்டும். சோப்புப் போட்டுக் குளிக்கலாம். தலைக்கு கண்டிஷனர் கூடாது, துகள் முடியில் ஒட்டிக்கொள்ளும். அயோடின் மாத்திரை தைராய்டை மட்டும்தான் காக்கும், அதுவும் அரசு சொன்னால்தான் போட வேண்டும். அயோடின் உப்பு தின்றால் போதும் என்று வாட்ஸ்அப்பில் வரும், நம்பாதீர்கள். 2011இல் ஃபுகுஷிமா சமயத்தில் சீனாவில் அப்படித்தான் கடை கடையாக உப்பை வாங்கித் தீர்த்தார்கள். கல்பாக்கத்தையும் கேட்பீர்கள். அணுமின் நிலையம் குண்டுபோல் வெடிக்காது. அங்கே அவசரகாலத் திட்டம் 16 கிலோமீட்டர் சுற்றுக்குத்தான், நம் ஊர்கள் அதற்கு வெளியே. டார்ச், பேட்டரி ரேடியோ, மூடிய குடத்தில் தண்ணீர், ஒரு வாரத்து மருந்து. இவை எப்போதும் தயாராக இருக்கட்டும்.

கீரப்பாளையம் பையன்

ஹவில்தார் ஐயா, வழி யாரும் கேட்கவில்லையே! அனுபவத்தைத்தானே சொல்லச் சொன்னார்கள்.

2019 டிசம்பரில் வம்பாகீரப்பாளையம்காரர்கள் வலையில் ராக்கெட் துண்டு மாட்டியது ஞாபகம் இருக்கிறதா? இஸ்ரோவின் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் பக்கவாட்டு மோட்டார், உள்ளே எரிந்து தீர்ந்த வெறும் கூடு. கரைக்கு இழுத்துப் போட்டதும் ஏவுகணை, சீனாக்காரன், பாகிஸ்தான்காரன் என்று பேச்சு. பயம் இருந்தால் கூட்டம் விலகத்தானே வேண்டும்? நெருங்கியது. "உள்ள மருந்து இருக்கா பாரு" என்று ஒருத்தர் விரல் முட்டியால் டொக்டொக்கென்று தட்டி, காதை வைத்துக் கேட்டார். பின்னாலிருந்து அவர் மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தார். இழுத்துவிட்டு அவரும் ஒரு தட்டு தட்டினார். போர் என்றாலே எனக்கு அந்தத் தட்டல்தான் காதில் விழுகிறது.

ஹவில்தார் (ஓய்வு), கடலூர் ஓ.டி.

அந்த அம்மா கேட்டார், நான் சொன்னேன். மேலே படித்துப் பாருங்கள். அப்புறம், அடையாளம் தெரியாத பொருளைத் தட்டவே கூடாது.

வீராம்பட்டினம் மருமகள்

கேட்டது அத்தை, நான் இல்லை. இருந்தாலும் நன்றி சார், படித்துக் காட்டினேன். எங்களுடையது சுனாமி வீடு. ஒரு ஹால், ஒரு அடுப்படி. சன்னல் இல்லாத இடம் கக்கூஸ் மட்டும்தான். ஆறு பேர் 24 மணி நேரம் அதற்குள் எப்படி இருப்பது என்று கேட்கிறார்.

ஹவில்தார் (ஓய்வு), கடலூர் ஓ.டி.

ஹாலின் நீள அகலம், சன்னல் எந்தப் பக்கம், மேலே மாடி உண்டா, போடுங்கம்மா. பார்த்துச் சொல்கிறேன்.