ஸ்டேஷன் கேமரா, நெஞ்சுல மாட்டுற கேமரா: எல்லைப்பக்கம் உங்களுக்கு நடந்தத எழுதுங்க

கம்பம்மெட்டு ஜீப்பு:

போலீஸ் பத்தி பேச்செடுத்தாலே "அதான் எல்லா இடத்துலயும் கேமரா வெச்சாச்சே"ன்னு முடிச்சிர்றாங்க. அந்தப் பதிவ எம்புட்டு நாள் வெச்சிருப்பாங்க, நாம கேட்டா குடுப்பாங்களா, அழிச்சா யாரு பொறுப்பு, இத யாரும் கேக்குறதில்ல. எங்க வீட்டுல நடந்தத எழுதுறேன். எந்த ஸ்டேஷன்னு சொல்லல, விஷயம் இன்னும் ஓடிட்டு இருக்கு.

எங்க மாமா (அக்கா வீட்டுக்காரர்) ஜீப் ஓட்டுறாரு. வெள்ளன நாலரை அஞ்சுக்கெல்லாம் தேனிப் பக்கம் கம்பம் ஊர்ல ஆளு ஏத்தி, கம்பம்மெட்டு மலைப்பாதை ஏறி, இடுக்கிப் பக்கம் ஏலத்தோட்டத்துல எறக்கி விட்டுட்டு சாயங்காலம் கூட்டிட்டு வருவாரு. இந்தப் பக்கத்து ஆளுகளுக்குத் தெரியும், காய் எடுக்குற சீசன்ல தோட்டக்காரங்க காய் திருட்டுப் போகுதுன்னு புகார் குடுத்துக்கிட்டே இருப்பாங்க, உடனே சந்தேகம் வர்றது தமிழ்நாட்டுல இருந்து போற பொம்பளையாளுக தூக்குச்சட்டிப் பை மேலதான். அன்னைக்கு மலை இறங்குறப்ப ஒரு கேரளா போலீஸ் ஜீப்பு மறிச்சு எல்லாப் பையவும் ரோட்டுல கொட்டச் சொல்லிருக்காங்க. ஒரு அம்மா பையில ஒரு கை அளவு ஏலக்கா இருந்துருக்கு, கோயிலுக்குன்னு தோட்டத்துக்காரரே குடுத்தது, அவருக்கு போன் போட்டுக் கேளுங்க சாரேன்னு அந்தம்மா அழுகுது, யாரும் கேக்கல. மாமா போன எடுத்து வீடியோ எடுக்க ஆரம்பிச்சாரு. அம்புட்டுத்தான், போனப் புடுங்கி, ஜீப்போட அம்புட்டு பேரையும் ஸ்டேஷனுக்குக் கொண்டு போயிட்டாங்க.

இங்க ஒண்ணு சொல்லிர்றேன். கேரளா போலீஸ் சட்டம் 2011-ல 33-ஆவது பிரிவுல இருக்கு, பொது இடத்துல போலீஸ் செய்ற வேலைய ஒருத்தர் முறைப்படி ஆடியோவோ வீடியோவோ எடுத்தா எந்தப் போலீஸ்காரரும் தடுக்கக் கூடாதுன்னு. மாமாவுக்கு அப்ப அது தெரியாது, தெரிஞ்சிருந்தாலும் அந்த ரோட்டுல நின்னு பிரிவு நம்பர் சொல்ல முடிஞ்சிருக்குமான்னா கஷ்டம்தான்.

ஸ்டேஷன்ல உள்ள நுழைஞ்சதும் எதிர்ச் செவுத்துல போர்டு, இந்த இடம் சிசிடிவி கண்காணிப்புல இருக்குன்னு மலையாளத்துலயும் இங்கிலீஷ்லயும். அதுக்கு மேல கவுத்து வெச்ச கிண்ணம் மாதிரி கருப்புக் கேமரா. அந்தக் கேமராவுக்கு நேர் கீழ பெஞ்சுக்கும் மேஜைக்கும் நடுவுல நிக்க வெச்சுத்தான் மாமா கன்னத்துல அறைஞ்சிருக்காங்க, ஒரு தடவ இல்ல, காதுல ரெண்டு மூணு நாளு "கொய்ங்"னு சத்தம் கேட்டுச்சுன்னாரு. பொம்பளையாளுகள இருட்டுற வரைக்கும் திண்ணையில உக்கார வெச்சு அனுப்பிட்டாங்க, கேஸும் இல்ல ஒண்ணும் இல்ல. மாமாகிட்ட மட்டும் மலையாளத்துல எழுதுன பேப்பர்ல கையெழுத்து வாங்கிட்டு விட்டாங்க. அவருக்கு மலையாளம் நல்லாப் பேச வரும், ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாது. போன் திரும்ப வந்துச்சு, வீடியோ இல்ல.

மறுநாள் ஆஸ்பத்திரில காட்டி சீட்டு வாங்கிட்டோம். அப்புறம் ஆர்டிஐ (தகவல் உரிமைச் சட்டத்துல மனு) போட்டேன், பத்து ரூவா கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, அந்தத் தேதி, அந்த மணியில இருந்து இந்த மணி வரைக்கும் வரவேற்புக் கேமரா பதிவு வேணும்னு. பதில் வந்துச்சு: அந்தச் சமயத்துல கருவி பழுது, பதிவு இல்ல.

எனக்கு ஆத்திரம் தாங்கல. இதே இடுக்கி மாவட்டத்துல நெடுங்கண்டம் ஸ்டேஷன்ல 2019 ஜூன்ல ராஜ்குமார்னு ஒருத்தர, கைதுன்னே காட்டாம நாள் கணக்கா வெச்சு அடிச்சு, கடைசில பீர்மேடு சப் ஜெயில்ல உசுரு போச்சு. நீதிபதி நாராயண குறுப்பு கமிஷன் விசாரிச்சு, மறுபடி போஸ்ட்மார்ட்டம் பண்ணி, கேஸ் சிபிஐ வரைக்கும் போச்சு. அம்புட்டுக்கு அப்புறமும் "பழுது"ன்னு ஒரு வரி எழுதி அனுப்புறாங்கன்னா?

வேற யாருக்கு என்ன நடந்துச்சுன்னு எழுதுங்க. நான் அடுத்து என்ன பண்ணேன்ங்கறத கீழ எழுதுறேன்.

வாளையார் லோடு:

அண்ணா, நான் லாரிங்க. கோயமுத்தூர் டு எர்ணாகுளம் லைன். வாளையார் தாண்டி நடந்தது, நெஞ்சுல மாட்டுற கேமரா பத்தி.

ஓரங்கட்டச் சொன்னாங்க, நிறுத்துனேன். பேப்பர் எல்லாம் கரெக்டுங்க, இன்சூரன்ஸ், பர்மிட், எடை ரசீது எல்லாம் காட்டுனேன். அவரு சட்டைல அந்தக் கருப்புப் பெட்டி மாட்டிருந்தாரு, லைட்டு எரியல. முதல் அஞ்சு நிமிஷம் அவரு பேசுன பேச்ச இங்க எழுத முடியாதுங்க, அம்மாவ இழுத்துப் பேசுனாரு. நானும் மனுசன் தானுங்களே, சத்தம் போட்டுட்டேன். நான் சத்தம் போட்ட அந்த நொடியில கைய நெஞ்சுக்குக் கொண்டு போயி ஒரு அமுக்கு, சிவப்பு லைட்டு வந்துருச்சு. அதுக்கப்புறம் குரலே வேறங்க, "சேட்டா பிளீஸ், கோ-ஆப்பரேட் பண்ணணும்"னு அவ்வளவு மரியாதை. இப்ப அந்தப் பதிவ எடுத்து யாரு பாத்தாலும் கத்துறவன் நான், பொறுமையா நிக்கிறவரு அவரு. டூட்டிக்கு இடைஞ்சல்னு கேஸ் எழுதிருந்தா அதே வீடியோ எனக்கு எதிரா சாட்சிங்க. நல்லவேளை ஃபைனோட விட்டுட்டாங்க.

எம்பட தம்பி ஐடி கம்பெனில இருக்கறான், அவங்கிட்டச் சொன்னப்ப அமெரிக்காவுல பால்டிமோர்ல நடந்த ஒண்ணக் காட்டுனான். 2015-ல ஃப்ரெடி கிரேன்னு ஒரு கருப்பினப் பையன் போலீஸ் வேன்ல போறப்ப முதுகுத்தண்டுல அடிபட்டுச் செத்து, ஊரே கொந்தளிச்ச இடம்ங்க அது, வேலையில்லாம பூட்டிக் கெடக்குற வீடுக தெருத்தெருவா இருக்குமாம். அதுக்கப்புறம் அங்க போலீசுக்கு கேமரா குடுத்தாங்க. 2017-ல ஒரு போலீஸ்காரரு குப்பைக்குள்ள போதை மருந்துப் பொட்டலத்த அவரே வெச்சுட்டு, வெளிய வந்து கேமராவ ஆன் பண்ணிட்டு, உள்ள போயி "கண்டுபிடிச்ச" மாதிரி எடுத்துருக்காரு. ஆனா அந்தக் கேமரா என்ன செட்டிங்னா, பட்டன் அமுக்குறதுக்கு முன்னாடி 30 செகண்டையும் சத்தமில்லாம சேத்து எடுத்து வெச்சுக்கும். அவரு வெக்கிறது அதுலயே பதிவாயிருச்சு. ஒரு வக்கீல் கண்ணுல பட்டு வெளிய வந்து, அந்தப் போலீஸ்காரரு சம்பந்தப்பட்ட கேஸ் பலதும் கொத்தாத் தள்ளுபடி ஆச்சு, அவருக்கும் தண்டனை வந்துச்சு.

நம்மூர்ல மாட்டிருக்கறதுல அந்த மாதிரி முன்னாடி பதிவு வெச்சிருக்காங்களா, பட்டன அவங்க இஷ்டத்துக்கு அமுக்கலாமா, இதச் சொல்லாம கேமரா வாங்குனோம்னு மட்டும் சொன்னா எங்கள மாதிரி ரோட்டுல நிக்கிறவனுக்கு பிரயோஜனம் இல்லீங்க.

மறையூர் பொண்ணு:

எங்க அப்பா கேரளா போலீஸ், இப்ப ரிட்டயர்ட். தமிழ்க் குடும்பம்தான். நீங்க எழுதுனது எல்லாம் நடக்கும்னு எனக்குத் தெரியும், மறுக்கல. ஆனா அப்பாவுக்கு நடந்ததையும் எழுதணும்.

ஒரு சாராயக் கேஸ்ல பிடிபட்ட ஆளு, அப்பா காசு கேட்டாரு, குடுக்கலன்னு அடிச்சாருன்னு மேல எழுதிப் போட்டான். வீட்டுல சோறு எறங்கல. அம்மா யார்கிட்டயும் முகம் குடுத்துப் பேசல. கடைசில ஸ்டேஷன் கேமராவுல அந்த நேரம் பூரா இருந்துச்சு, அப்பா அவன் பக்கத்துலயே போகல, டீ வாங்கிக் குடுத்தது மட்டும் இருக்கு. புகார் அதோட நின்னுச்சு. அன்னைக்கு பதிவு இல்லன்னா அப்பா பென்ஷன் என்னாயிருக்கும்? ஒழுங்கா வேலை பாக்குற போலீசுக்கும் அந்தக் கேமரா ஓடணும். "பழுது"ன்னு சொல்றது அவங்களையும் சேத்துத்தான் கைவிடுறது. அதுமட்டும் இல்ல, சின்ன ரேங்க்ல இருக்குறவங்கள சஸ்பெண்ட் பண்ணிட்டு, மெஷின ரிப்பேர் பண்ணாம விட்டவர யாருமே கேக்குறதில்ல, இது அப்பா இன்னைக்கும் சொல்ற குறை.

கொழிஞ்சாம்பாறை அக்கா:

பாலக்காட்டுல இருந்து எழுதறேனுங்க. குன்னங்குளம் விஷயம் எல்லாரும் டிவில பாத்திருப்பீங்க, ஆனா அது எப்படி வெளிய வந்துச்சுன்னு நிறையப் பேருக்குத் தெரியறதில்ல. 2023 ஏப்ரல்ல யூத் காங்கிரஸ்காரரு சுஜித்தத் திருச்சூர் மாவட்டம் குன்னங்குளம் ஸ்டேஷனுக்குள்ள வெச்சு அடிச்சது. அந்தப் பதிவ ஆர்டிஐல கேட்டு, போலீஸ் குடுக்கமாட்டேன்னு சொல்லி, ஸ்டேட் இன்ஃபர்மேஷன் கமிஷன் வரைக்கும் போயித்தான் வாங்குனாங்க. ஊரு பாத்தது 2025 செப்டம்பர்ல. ரெண்டு வருசத்துக்கு மேல! வீடியோ வந்தப்புறம் தான் நாலு பேர சஸ்பெண்ட் பண்ணாங்க. அதுவரைக்கும் அந்தப் பதிவு ஒரு பெட்டிக்குள்ள இருந்துச்சு, உள்ள இருக்கறவங்களுக்கு என்ன நடந்துச்சுன்னு தெரியும்.

நம்ம தமிழ்நாட்டுல சாத்தான்குளத்துல 2020-ல ஜெயராஜ், பென்னிக்ஸ் அப்பா மகன் ரெண்டு பேரு செத்தப்ப, விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் என்ன எழுதுனாருன்னு ஞாபகம் இருக்குங்களா? ஹார்ட் டிஸ்க்குல 1 டெராபைட் எடம் இருந்தும் தெனமும் தானா அழியற மாதிரி செட்டிங் வெச்சிருந்தாங்கன்னு. அங்க பதிவு இல்லாமப் போனப்ப வாய்த் தொறந்து சொன்னது ஏட்டம்மா ரேவதிதான். அந்தம்மா அன்னைக்குப் பேசலேன்னா?

தம்பி, நீங்க விடாதீங்க. இன்னொண்ணு, இடுக்கில உங்க மாமா போயிட்டு வர்ற பக்கமோ எங்க சித்தூர் தாலுகாவோ, தமிழ் சிறுபான்மைப் பகுதின்னு அறிவிச்ச எடத்துல இருக்கற அரசு ஆபீசுகளுக்கு தமிழ்லயே எழுதலாமுங்க, 1969 கேரளா ஆட்சிமொழிச் சட்டத்துல இருந்தே அந்த உரிமை இருக்கு. படிக்கத் தெரியாத பேப்பர்ல கையெழுத்துப் போடச் சொன்னா "தமிழ்ல எழுதுங்க, போடறேன்"னு சொல்லலாம்.

கம்பம்மெட்டு ஜீப்பு:

எல்லாருக்கும் நன்றி. மறையூர் தங்கச்சி எழுதுனதப் படிச்சு மாமாவுக்கும் வாசிச்சுக் காட்டுனேன், அவரும் "சரிதாம்ப்பா"ன்னாரு.

இப்ப நான் என்ன பண்ணேன்னா, பதிவு குடுன்னு மறுபடி கேக்காம, பழுதுக்கான பேப்பரக் கேட்டேன். இதுக்கு அடிப்படை சுப்ரீம் கோர்ட்டு 2020 டிசம்பர் 2-ஆம் தேதி பரம்வீர் சிங் சைனி வழக்குல குடுத்த உத்தரவு. அதப் பொறுமையா ஒரு தடவ படிங்க. வாசல், லாக்கப், வராந்தா, வரவேற்பு, இன்ஸ்பெக்டர் ரூம்னு ஒரு எடம் விடாம கேமரா வேணும், சத்தமும் பதிவாகணும், இருட்டுலயும் தெரியணும். பதிவ 18 மாசம் வெக்கணும், எந்தக் காரணத்துக்கும் ஒரு வருசத்துக்குக் கீழ போகக் கூடாது. எனக்கு உதவுன பகுதி அதுக்கும் அடுத்தது: கேமரா கெட்டுப் போச்சுன்னா ஸ்டேஷன் பொறுப்பாளர் உடனே மாவட்டக் கண்காணிப்புக் கமிட்டிக்கு எழுதணும், அதோட கேமரா ஓடாத நாள்கள்ல யார யார அரெஸ்ட் பண்ணாங்க, யார விசாரிச்சாங்கன்னும் சேத்து அனுப்பணும்.

அதனால ரெண்டாவது மனுவுல கேட்டது இதுதான்: என்னைக்குக் கெட்டுப்போச்சு, கமிட்டிக்கு எழுதுன கடிதத்தோட நகல், ரிப்பேருக்கு வந்த ஆளோட பில்லு, அந்த நாள்கள்ல ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டு வந்தவங்க லிஸ்ட்டு. அதுக்கு "கேட்ட ஆவணம் இல்லை"ன்னு வந்துச்சு. கடிதமே எழுதலன்னா ஒண்ணு மெஷின் கெடல, இல்ல கெட்டத மறைச்சிருக்காங்க. ரெண்டுல எதுன்னாலும் பதில் சொல்லியாகணும். அந்தப் பதிலையும் ஆஸ்பத்திரிச் சீட்டையும் வெச்சு முதல் அப்பீல் போட்டு, அதுவும் நகராததால இப்ப ஸ்டேட் இன்ஃபர்மேஷன் கமிஷனுக்குப் போயிருக்கு. தனியா, மாவட்டப் போலீஸ் கம்ப்ளெயின்ட்ஸ் அத்தாரிட்டிக்கும் தமிழ்லயே எழுதிப் போட்டுருக்கோம், ரிட்டயர்ட் ஜட்ஜ் தலைமையில இருக்குறது, டிஎஸ்பி ரேங்க் வரைக்கும் அங்க புகார் சொல்லலாம்.

ஏலக்கா வெச்சிருந்த அம்மா சாட்சி சொல்றேன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. தோட்டத்துக்காரரும் நான்தான் குடுத்தேன்னு கையெழுத்துப் போட்டாரு, அவரு மலையாளிதான், போலீசப் பகைச்சுக்கிட்டா தொழில்ல தொல்லைன்னு தெரிஞ்சும் போட்டாரு, அத மறக்க மாட்டேன்.

அடிபட்டவங்க யாராவது இதப் படிச்சா ஒண்ணே ஒண்ணு: ஆஸ்பத்திரிச் சீட்டு வாங்குன கையோட, அன்னைக்கே, "இந்த நேரத்துப் பதிவ அழிக்காமப் பத்திரமா வையுங்க"ன்னு ஸ்டேஷனுக்கும் எஸ்பி ஆபீசுக்கும் ஸ்பீடு போஸ்ட்ல எழுதிப் போட்டுருங்க, ரசீது பத்திரம். பதிவ அப்படிப் பாதுகாக்கச் சொல்ற உரிமை நமக்கு உண்டுன்னு அந்தப் போர்டுலயே எழுதி வெக்கணும்னும் அதே உத்தரவுல இருக்கு. எந்தெந்த ஸ்டேஷன் போர்டுல அந்த வரி இருக்கு, தமிழ்ல இருக்கான்னு, போறப்ப வர்றப்ப பாத்துட்டு இங்க எழுதுங்க. கமிஷன்ல நேர்ல வாதாடுனவங்க யாராச்சும் இருந்தா, திருவனந்தபுரத்துக்கே போகணுமா, வீடியோ கால்ல முடியுமான்னும் சொல்லுங்க.