புதுப்பிப்பு: கோதுமை ஒவ்வாமைத் தடிப்புக்குக் காரணம் பெருங்காய டப்பா

பதில் எழுதிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மகளுக்குக் கோதுமை ஒவ்வாமை என்று தெரிந்து சப்பாத்தி, ரவை, பிஸ்கட் எல்லாம் நிறுத்திய பிறகும், வெறும் ரசம் சாதத்துக்கே உடம்பில் தடிப்பு வருகிறதே என்று கேட்டிருந்தேன்.

“பெருங்காயத்தைப் பாருங்கள்” என்று ஒருவர் சொன்னதுதான் சரி. டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் ‘கூட்டுப் பெருங்காயம்’ என்று போட்டு, சேர்மானத்தில் பிசினும் மைதாவும் (அதுவும் கோதுமை மாவுதான்) இருந்தன. சுத்தப் பெருங்காயம் நெடி மிகுந்த பிசின் என்பதால் மாவு கலந்துதான் பெரும்பாலும் விற்கிறார்கள். அதை நிறுத்தியதும் தடிப்பு அடங்கிவிட்டது. டாக்டரிடமும் சொல்லிவிட்டோம்.

எதிர்பாராதது ஒன்று. தூளில்தான் மாவு, கட்டி சுத்தம் என்று கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். அந்தக் கட்டியின் உறையிலும் கோதுமை மாவு! அப்புறம் பாக்கெட் சாம்பார் பொடி, ஊறுகாய். சேர்மானத்தில் ‘பெருங்காயம்’ என்று மட்டும் இருக்கும், கோதுமை உண்டு என்ற வரி தனியாக அடியில் இருக்கும். சோயா சாஸிலும் பெரும்பாலும் கோதுமை உண்டு.

இந்தியாவின் 2020 லேபிள் விதிகள்படி கோதுமை போன்ற தானியங்களைத் தனியாக அறிவிக்க வேண்டும். எனவே அந்த அடி வரியை முதலில் படியுங்கள். லேபிள் இல்லாமல் சில்லறையாக விற்பதை நாங்கள் வாங்குவதே இல்லை. இப்போது அரிசி மாவு சேர்த்த பெருங்காயம்தான் வீட்டில், மகளுக்கு ஒத்துக்கொள்கிறது.